கயிற்றுப் பாலம் வந்த இடம்

ஆவணி, புதன்கிழமை இரவு.

எனக்கு எழுதத் தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது.

பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து என் மகன் செந்திலுக்குப் பழசு எதுவும் நினைவில்லை. என்னைப் "பெரியவரே" என்று கூப்பிடுகிறான்.

சின்னப் பிள்ளையில், நான் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த கம்ப்யூட்டரை டி.வி.யில் மாட்டி ஒரு குகை விளையாட்டு ஆடுவான். மூன்று பாகத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இன்று சாயங்காலம் மருமகள் அதையே லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தாள்.

"மாமா, நீங்க எதையும் சொல்லிக் குடுத்துறாதீங்க. அவங்களா ஞாபகத்துக்குக் கொண்டுவரணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

கிணறு, சிவப்புக் கதவு வரைக்கும் தடவித் தடவிப் போனான். பிறகு கயிற்றுப் பாலம் வந்தது. கையில் உள்ள தங்கப் பெட்டியை இக்கரையிலேயே வைத்துவிட வேண்டும். தூக்கிக்கொண்டு போனால் பாலம் கனம் தாங்காது. செந்தில் பெட்டியோடு பாலத்தில் ஏறினான். சொல் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினேன்.

பாலம் அறுகிற சத்தம் கேட்டது. "போச்சு" என்றாள் மருமகள்.

செந்தில் சிரித்தான். "நான் விழுகுறது இருக்கட்டும். இந்த எடம் வந்தா கண்ண மூடிக்கிறத நீங்க இன்னும் விடலியாப்பா?"

நான் உடனே கண்ணைத் திறக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டான். காலையில் எழுந்து என்னை என்னவென்று கூப்பிடுவானோ. அவன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.