டேவ் சார் காட்டிய படம்

புதன். சோஹார், ஓமான்.

டீ நேரத்தில் எங்கள் ஃபோர்மேன் டேவ் சார், ஆஸ்திரேலியாவில் இருக்கும் தன் ஊர்ப் படத்தை போனில் காட்டினார். தாத்தா காலத்தில் ஊரே சேர்ந்து கட்டிய மண்டபமாம். மேஜை நிறைய கேக், சுற்றிலும் ஜனம்.

என் வாய் சும்மா இருக்குமா?

"கல்யாணமா சார்? மொத்த ஊரே இவ்வளவுதானா? எங்க கேம்ப்ல குளிக்க நிக்கிற கூட்டம் இதவிடப் பெருசு!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"கல்யாணம் மாஃபி, கல்யாணம் இல்ல பாய். போன வாரம் எங்கம்மாவ அடக்கம் பண்ணினாங்க. எங்க ஊர்ல துக்கத்துக்கு ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவருவாங்க. ஊரே வந்துச்சு. எனக்குத்தான் லீவு கிடைக்கல."

துக்கத்தில் கேக் வைப்பார்கள் என்று நான் கண்டேனா? ஆனாலும் முதலில் கேட்டிருக்கலாம். மன்னிப்புக்கூடக் கேட்காமல் வேலைக்குத் திரும்பிவிட்டேன். காலையில் அவர் முன்னால்தான் போய் நிற்க வேண்டும். சிரிக்காமல் பேச எனக்குத் தெரியாதே.