வேப்பூர் தாண்டியாச்சு

என்னங்க,

இன்று காலை வண்டியைக் கழுவ உட்கார்ந்தேன். முகப்பு விளக்கில் அப்பியிருந்த பூச்சிகளைச் சுரண்டி எடுத்து, டேங்கைத் துடைத்து, பின்பக்கம் வந்தபோது கை நின்றுவிட்டது. பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் ரப்பரில், அந்தக் கோடு கோடான பள்ளங்களுக்குள், வெள்ளை மண் காய்ந்து இறுகிக் கிடக்கிறது. பீங்கான் கம்பெனியிலிருந்து உங்கள் செருப்பில் ஒட்டி வந்த பொம்மை மண். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் அந்தப் பக்கம் நான் குனிந்தே பார்க்கவில்லை போலிருக்கிறது.

கழுவுவதா விடுவதா என்று தெரியாமல் வாளியோடு உட்கார்ந்திருக்கிறேன். அதற்குள் நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் சொல்லாமல் இருந்தால் எனக்கு நெஞ்சு ஆறாது.

சர்க்கரை உங்கள் கண்ணைத் தின்ன ஆரம்பித்த வருடம் ஞாபகம் இருக்கிறதா? அச்சில் மண்ணை அழுத்திப் பொம்மை எடுக்கக் கண் வேண்டாம், விரல் போதும் என்று நீங்கள் வேலையை விடவில்லை. ஆனால் வண்டி ஓட்டக் கண் வேண்டுமே. இருபத்திரண்டு வருடம் உங்களுக்குப் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து வந்தவள், நாற்பத்தைந்து வயதில் முன்னால் ஏறினேன். காலையில் உங்களைக் கம்பெனியில் விட்டுவிட்டு, நான் வேலை பார்க்கும் பேக்கிங் ஷெட்டுக்குப் போவேன். சாயங்காலம் வந்து கூட்டிப்போவேன். கடைவீதியில் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

உங்களால்தான் இருக்க முடியவில்லை. கண் மங்கியதும் காது கூர்மையாகிவிட்டது உங்களுக்கு. பின்னால் ஹாரன் கேட்டால் போதும், என் வலது தோளில் ஒரு தட்டு. "பஸ்ஸு வருது. ஓரம் போ." லாரி என்றால் இரண்டு தட்டு. ஒன்றுமே வராவிட்டாலும், "ஏன் சத்தமே இல்ல?" என்று ஒரு தட்டு. ஜங்ஷன் ரோட்டிலிருந்து வீடு வருவதற்குள் தோள் கன்றிப்போகும். எத்தனை நாள் சொல்லியிருப்பேன், "நீங்க தட்டறதுலதாங்க எனக்கு ஹேண்டில் ஆடுது" என்று. கேட்டீர்களா?

அதையாவது மன்னித்துவிடலாம். வேப்பூரை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

திருச்சி கண் ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு முறை போகும்போதும் வேப்பூர் வரை என் பின்னால் வருவீர்கள். ஹைவேஸ் ஏறுகிற இடம் வந்ததும் இறங்கிவிடுவீர்கள். டீக்கடைக்குப் பக்கத்து ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் கை காட்டி, நின்றுகொண்டே திருச்சி வரை போவோம். "பைபாஸ்ல நான் ஓட்டுவேங்க" என்று ஒருமுறை சொன்னேன். "ஊருக்குள்ள ஓட்டு, போதும். பைபாஸ்ல ஒரு பொம்பள ஓட்டி நான் பின்னால ஒக்காந்து வரமாட்டேன். இது சத்தியம்" என்றீர்கள். டீக்கடைக்காரர் முன்னாலேயே சொன்னீர்கள். அவர் டீ ஆற்றுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு எனக்கு எவ்வளவு அவமானமாக இருந்தது தெரியுமா? நான் உங்களிடம் காட்டிக்கொள்ளவில்லை. உங்களுக்குத்தான் என் முகம் தெரியாதே.

கருமாதி அன்று, பந்தி முடிந்து இலை எடுப்பதற்குள், உங்கள் தம்பி வந்தார். "அண்ணி, வண்டிய எம் பையனுக்குக் குடுத்துடுங்க. காலேஜ் போவட்டும். நீங்க எங்க போவப் போறீங்க?" நல்ல மனதோடுதான் கேட்டார். அந்த நல்ல மனதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. நான் எங்கேயும் போகப்போவதில்லை என்று எனக்குத் தெரியாமலே முடிவாகியிருந்தது.

அதன் பிறகு மாதம் ஒருமுறை கேட்டுக்கொண்டே இருந்தார். போனில் நான் ஒரு கூட்டத்தைப் பார்த்து வைத்திருந்தேன். ஒரே நாளில் ஆயிரம் கிலோமீட்டர் வண்டி ஓட்டுகிற பெண்கள். சட்டம் எல்லாம் இருக்கிறது அவர்களுக்கு. கிளம்பும்போதும் வந்து சேரும்போதும் சாட்சிக் கையெழுத்து வேண்டும். வழியில் பெட்ரோல் போடுகிற இடத்திலெல்லாம் நேரம் அச்சடித்த பில் வேண்டும். போன வாரம் கொழுந்தனார் வந்தபோது சொல்லிவிட்டேன். "கன்னியாகுமரி போயிட்டு அன்னிக்கே திரும்பி வரேன். போக வர ஆயிரம் கிலோமீட்டர். வந்துட்டா வண்டிப் பேச்சு இதோட சரி. முடியலன்னா சாவி உங்களுது. சாட்சி நீங்கதான்."

அவர் சிரித்தார். "வேப்பூர் போனதும் போன் பண்ணுங்கண்ணி. வந்து கூட்டியாரேன்."

நேற்று விடியற்காலை மூன்றரைக்கு, துண்டைப் போர்த்திக்கொண்டு தூக்கக் கண்ணோடு வந்து கையெழுத்துப் போட்டார். சுடிதார் போட்ட அண்ணியை அவர் முதல்முறையாகப் பார்க்கிறார். நாலு மணிக்கு வேப்பூர். டீக்கடையில் பாய்லர் புகைந்துகொண்டிருந்தது. நம் ஸ்டாண்டில் யாருடைய வண்டியோ நின்றது. வேகத்தைக் குறைக்காமல் இடதுபக்கம் திரும்பி ஹைவேஸ் ஏறினேன். ஏறியதும் அழுகை வந்தது. ஹெல்மெட்டுக்குள் அழுதால் துடைக்க முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

திருச்சி வருவதற்குள் ஒன்றைக் கண்டுபிடித்தேன். பின்னால் ஒவ்வொரு லாரி ஹாரன் அடிக்கும்போதும் என் கால் தானாக பிரேக்கை அழுத்துகிறது. யாரும் தட்டவில்லை. தோள் மட்டும் தட்டு வாங்கியதுபோல் சுருங்குகிறது. எனக்கு வந்த கோபத்துக்கு, "சும்மா வாங்க" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். மதுரையில் இட்லி சாப்பிட்டுக் கிளம்பிய பிறகுதான் கால் சொன்ன பேச்சு கேட்டது.

திருநெல்வேலி தாண்டி, காற்றாலைகள் நிற்கிற இடத்தில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. தாலி கட்டிய நாளிலிருந்து நேற்று வரை நான் அப்படிப் பயந்ததில்லை. டேங்கை முழங்காலால் இறுக்கிக்கொண்டு ஓரமாகவே போனேன். ஒரு மணிக்குக் கன்னியாகுமரி. பெட்ரோல் பங்கில் இருந்த பெண் பில்லைக் கொடுத்துவிட்டு, "கடல் இந்தப் பக்கம்க்கா" என்று கை காட்டினாள். "தெரியும்மா, நேரமில்ல" என்று வண்டியைத் திருப்பினேன். அவ்வளவு தூரம் போய்க் கடலைப் பார்க்காமல் வந்தவள் நானாகத்தான் இருப்பேன். உங்களிடம் சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

திரும்பி வரும்போது இடுப்பு போய்விட்டது. திருச்சிக்குப் பிறகு இடது கை விரல்கள் மரத்துப்போயின. வேப்பூருக்கு வரும்போது மணி ஒன்பதே முக்கால். கிளட்சைப் பிடித்த விரல் விடவில்லை, விட்டால் மடங்கவில்லை. வேறு வழியில்லாமல் நிறுத்தினேன். எங்கே நிறுத்தினேன் தெரியுமா? அதே டீக்கடை. அதே ஸ்டாண்டு. வீட்டுக்கு அரை மணி நேரம்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது.

"எங்க இருக்கீங்கண்ணி?"

"வேப்பூர்ல."

"நான் சொன்னேன்ல. பரவால்ல, அங்கயே ஒக்காருங்க. பத்து நிமிஷத்துல கெளம்பறேன். இவ்ளோ தூரம் போனதே பெருசு."

எனக்கும் ஒரு நிமிடம் அதுதான் நியாயம் என்று பட்டது. சாவியைக் கொடுத்துவிட்டுத் தூங்கலாம். டீக்கடைக்காரர் டீயோடு வந்தவர் என்னை உற்றுப் பார்த்து, "நீங்க அந்தக் கண்ணு தெரியாதவரு வூட்டுக்காரம்மாதான? வண்டிய விட்டுட்டு பஸ்ஸு ஏறப் போறீங்களா?" என்றார்.

அவர் ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை. இந்த இடத்தில் நான் வேறு என்ன செய்து பார்த்திருக்கிறார்?

"இல்லண்ணே. எறங்கறதுக்கு இன்னிக்கு ஆளு இல்ல" என்றேன். போனில் இன்னும் கொழுந்தனார் இருந்தார். "நீங்க வரவேணாம். பேனா எடுத்து வைங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். சூடான டீ கிளாசை இடது கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மடக்கினேன். ஐந்தாவது விரல் மடங்கியதும் கிளம்பினேன்.

வாசலில் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார் உங்கள் தம்பி. மீட்டரில் ஓடிய தூரத்தைக் குனிந்து பார்த்தார். பில்களை வாங்கி ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதினார்.

"பயமா இல்லியாண்ணி?"

"இருந்துச்சு."

"அண்ணன் இருந்திருந்தா உட்டுருக்க மாட்டாரு."

"தெரியும். அதான் அவர்கிட்ட கேக்கல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இனி கேட்கமாட்டார். சாவி என் இடுப்பில் இருக்கிறது.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்தோடு சண்டை போட நீங்கள் இல்லையே என்பது அதைவிடப் பெரிய வலியாக இருக்கிறது. நேற்று பூராவும் பின் சீட்டு காலி என்று நினைத்துக்கொண்டுதான் ஓட்டினேன். இப்போது இந்த மண்ணைப் பார்க்கிறேன். பைபாஸில் என் பின்னால் வரமாட்டேன் என்று டீக்கடை முன்னால் சத்தியம் செய்தவர், கால் வைத்தபடியே கன்னியாகுமரி வரை போய்த் திரும்பி வந்திருக்கிறீர்கள். வேப்பூரில் இறங்கவும் இல்லை. உங்கள் சத்தியம் போச்சு. நான் ஜெயித்தேன்.

வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டேன். ரப்பரைக் கழுவவில்லை. இனி எங்கே போனாலும் அப்படியே உட்கார்ந்து வாருங்கள். தோளை மட்டும் தட்டாதீர்கள்.