ஒரே நிமிடத்தில் ஒன்பது கடிதங்கள்

ஜூன் 4, புதன்

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாத ஆலோசனைக்குப் பிறகு புதுக் கணினி வாங்குவதென்று தீர்மானித்து, நேற்று அதை நிறைவேற்றியும்விட்டேன். பழையதிலிருந்த முகவரிகள் அனைத்தும் சேதமில்லாமல் குடிபெயர்ந்தன. மின்னஞ்சல் கடிதங்களில்தான் சிறு தவறு. முப்பத்தைந்து வருஷம் தபாலாபீஸில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவன் நான். கடிதம் இடம் மாற வேண்டுமானால் அனுப்பத்தானே வேண்டும் என்று, சேமித்து வைத்திருந்ததையெல்லாம் தேர்ந்தெடுத்து 'அனுப்பு' என்பதை அழுத்திவிட்டேன். உனக்கு எழுதி, அனுப்பாமல் வைத்திருந்த ஒன்பதும் கிளம்பிவிட்டன. பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடு. ஆறு வருஷமாக ஒழுங்காகப் பேசாமல் இருக்கிறோம். அதற்கு இடைஞ்சல் வேண்டாம்.

அத்தான் நலமா?

தம்பி

ஜூன் 5

தம்பிக்கு,

பிரித்துவிட்டேன். அத்தானின் ஆபரேஷனுக்கு நீ வரவில்லை என்று, "இனி என் வாசலை மிதிக்காதே" என்றவள் நான். தபாலுக்கு அந்தத் தடை கிடையாது.

ஒன்றில் மன்னிப்புக் கேட்கிறாய். ஒன்றில் நான் கேட்க வேண்டும் என்கிறாய். ஒன்றில் ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு மணி நேரம் நின்றாயாம், உள்ளே வரப் பயமாக இருந்ததாம். ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை வருகிறாய். இன்னொன்றில் செத்தாலும் வரமாட்டாய். எல்லாவற்றிலும் செவ்வாய் மாலை 4.12 என்றே இருக்கிறது. எது கடைசி?

"சோறு வைக்கிறதா வேண்டாமா, அதை மட்டும் கேட்டுச் சொல்லு" என்கிறார் அத்தான்.

மேலே என் பெயர் 'அக்கா (பேசுவதில்லை)' என்று இருக்கிறதே, அது கணினி வைத்த பெயரா?

அக்கா

ஜூன் 6

அக்காவுக்கு,

எது கடைசி என்று எனக்கும் தெரியவில்லை. பழைய கணினியைக் காயலான் கடைக்காரர் எடுத்துப்போய்விட்டார், எழுதிய வரிசையும் அதோடு போயிற்று. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். ஒன்பதையும் மனதாரத்தான் எழுதியிருக்கிறேன். முத்திரை தெளிவில்லாத கடிதங்களை நாங்கள் தனிப் பெட்டியில் போட்டு, யாராவது கேட்டு வரும்வரை வைத்திருப்போம்.

அந்தப் பெயர் நான் வைத்தது.

தம்பி

ஜூன் 7

தம்பிக்கு,

அச்செடுத்து, சாப்பாட்டு மேஜையில் பரப்பி, நான்கு முறை அடுக்கினேன். "சீட்டுக் கட்டா அது?" என்றார் அத்தான். 'ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்' என்பது கடைசியாக வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

நாளை ஞாயிறு.

அக்கா

ஜூன் 8, காலை

அக்காவுக்கு,

பட்டியலில் உன் பெயரைத் திருத்தப் போய், முழுதாக அழித்துவிட்டேன். இதை உன் கடிதத்தின் அடியில் 'பதில்' என்றிருப்பதை அழுத்தி அனுப்புகிறேன். ஒன்பதரை மணி பஸ்ஸில் இடம் கிடைத்தது.

தம்பி