நடுவில் உட்காராதே

தம்பிக்கு,

குளிர் விட்டு ஏரிக்கரை மரங்கள் துளிர்த்துவிட்டன. அப்பாவும் படகை இறக்கிவிட்டார். கண் மங்கிய மனுஷன் எப்படி ஓட்டுவார் என்று பதறாதே. துடுப்புப் போடுகிறவர் எப்படியும் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தானே உட்கார்கிறார்? எதிரே அம்மா இருந்து வழி சொல்கிறாள்.

நேற்று அம்மா இடத்தில் நான் உட்கார்ந்தேன். என் இடது அவருக்கு வலதாயிற்றே என்று மாற்றிச் சொன்னேன். படகு நாணலுக்குள் போய்ச் செருகிக்கொண்டது.

"உங்கம்மா இடதுன்னா நான் வலதுன்னு எடுத்துப்பேன். நீ எதுக்கும்மா நடுவுல திருத்துற?" என்றார் அப்பா. கரையில் அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அப்பாவையும் அம்மாவையும் நாம் ஆளுக்கு ஒருவராக நம் வீட்டுக்குக் கூட்டிக்கொள்ளலாம் என்றாயே, அதை இவர்களிடம் நான் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. நீ சும்மா வா. படகில் இடமிருக்கிறது. நடுவில் மட்டும் உட்காராதே.

அக்கா