பெருங்காயக் கிடங்கில் ஒரு ஜோடி பூட்ஸ்

மருமகள் இன்று காலை புதுப் பெருங்காய டப்பாவைத் திறந்தாள். பிளாஸ்டிக் டப்பா, உள்ளே மாவு மாதிரி ஏதோ தூள். எங்கள் கடையில் அதை வாசனை என்றே சேர்த்திருக்க மாட்டோம். ஆனாலும் கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது போதுமாக இருந்தது. பெருங்காய மணத்தால் கால்பந்து ஞாபகம் வருகிற ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நீ கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிறது. கூப்பிடு தூரத்தில் இருந்தவனுக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. இப்போது எழுதத் தோன்றுகிறது.

ஆரியசாலையில் எங்கள் மளிகை மொத்தக் கடை. பத்மநாபன் கோயிலை ஒட்டிய கிழக்கேகோட்டை அக்ரகாரத்தில் உன் வீடு. நடுவில் பத்து நிமிஷ நடை. புத்தரிக்கண்டம் மைதானத்தில் நான் பேருக்கு ஆடினேன், நீ நிஜமாகவே ஆடினாய். லெஃப்ட் அவுட்டில் உன்னிடம் பந்து வந்துவிட்டால் எதிராளி உன் காலைப் பார்ப்பதா பந்தைப் பார்ப்பதா என்று திகைத்து நிற்பான். வெறுங்கால்தான். அன்று யாரிடம் பூட்ஸ் இருந்தது?

சுதந்திரத்துக்கு மறு வருஷம் நம் தேசத்து அணி லண்டன் ஒலிம்பிக்ஸுக்குப் போனபோது நமக்குப் பதினாறு வயது. அவர்களிலும் முக்கால்வாசிப் பேர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். பிரான்ஸிடம் ஒரே கோல் வித்தியாசத்தில் தோற்றதை ஊரே வெற்றி மாதிரிக் கொண்டாடியது. நீ மட்டும் கால் விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டே சொன்னாய்: “ரெண்டு பெனால்ட்டி கிடைச்சுது, ரெண்டையும் கோட்டை விட்டா. அதை யாரும் சொல்ல மாட்டேங்கறா, கேட்டியா?” அடுத்த மூன்றாம் வருஷம் டெல்லியில் ஆசியாவுக்கே முதலாக வந்தபோது மைதானத்தைச் சுற்றி ஓடியவனும் நீதான். அதற்கு மறு வருஷம் ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியா நமக்குப் பத்து கோல் போட்டது. நாம் போட்டது ஒன்று. குளிர், பூட்ஸ் இல்லை, ஊர் புதிது என்று எங்கள் சாலைக் கடைத்தெரு முழுக்க ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தது. “குளிர் அவாளுக்கும்தானேடா அடிச்சிருக்கும்?” என்று நீ கேட்டாய். உனக்கு அன்று அடி விழாதது ஆச்சரியம்.

அந்தப் பத்து கோலுக்குப் பிறகுதான் இனி பூட்ஸ் கட்டாயம் என்று ஆயிற்று. உனக்கு அது சாதாரணச் சங்கதி இல்லை. உங்கள் தெருவில் ஆபீசுக்குப் போகிறவர்கள் செருப்புப் போடத்தான் செய்தார்கள். ஆனால் உன் அப்பா கோயில் காரியம் பார்க்கிறவர். உங்கள் வீட்டில் மரக்கட்டை மிதியடி மட்டும்தான், தோல் வாசற்படிக்கே வரக்கூடாது. பந்து மட்டும் என்ன பூசணிக்காயா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, நீ உன் அப்பா குரலிலேயே பதில் சொன்னாய்: “உதைக்கறது வேற, உடுத்திக்கறது வேற. உதைச்சா ஸ்நானம் பண்ணினாப் போச்சு.” அப்படித்தான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு பத்மதீர்த்தக் குளத்தில் முழுகிவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாய்.

பூட்ஸ் வாங்கினோம். எங்கள் கடைப் பின்கட்டில் பெருங்காயக் கிடங்கில் ஒளித்து வைத்தோம். தினமும் காலையில் நீ வந்து அதை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓடுவாய். முதல் மாதம் உன் குதிகால் இரண்டும் வெந்து போயிருந்தன. பூட்ஸில் ஏறிய பெருங்காய மணம் வெயிலில் இன்னும் தூக்கலாகிவிடும். “எடா, சாம்பார் வருந்நு!” என்று மலையாளத்துப் பையன்கள் உன்னைக் கண்டதும் கூவுவார்கள். சிரித்து முடிப்பதற்குள் பந்து அவர்களைத் தாண்டியிருக்கும். இப்படியே மூன்று வருஷம் ஓடியது.

மெல்போர்ன் ஒலிம்பிக்ஸுக்கு ஆள் எடுக்கும் முகாமுக்கு வரச்சொல்லி வடக்கேயிருந்து உனக்குக் கடிதம் வந்தது அப்போதுதான். இனி ஒளிக்க வழியில்லை, அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். நீ இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை. நானே பேசி முடித்துவிடலாம் என்று கிளம்பினேன். என் அறிவுகெட்டதனத்துக்கு ஓர் அளவில்லை.

பெருங்காயம் அந்தக் காலத்தில் எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். காபூல் பக்கத்திலிருந்து பம்பாய் வழியாக, ஆட்டுத்தோலில் பொதிந்து தைத்து வரும். பின்கட்டில் தோலை உரித்துவிட்டுக் கட்டியைத்தான் முன்னால் விற்பனைக்கு வைப்போம். நான் ஒரு பொதியைத் தோலோடு எடுத்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு உன் வீட்டு வாசலில் போய் நின்றேன். படிக்குக் கீழே வைத்துப் பிரித்தேன்.

“சாமி, இதக் கொஞ்சம் பாக்கணும். உங்க வீட்டு ரசத்துல விழுகது இதுதான். தோலுக்குள்ள இருந்து வந்தது வாய்க்குள்ள போலாம்னா, கால்ல போட்டா என்ன?”

உன் அப்பா குனிந்து பார்த்தார்.

“இத்தனை வருஷமா இதுலதான் வரதா?”

“ஆமா சாமி.”

“நன்னாச் சொன்னே. தெரியாமப் போச்சு.” நிமிர்ந்து உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “இன்னிலேர்ந்து இந்த ஆத்துல பெருங்காயம் கிடையாது, கேட்டியோ?”

நான் வாதத்தில் ஜெயிக்கப் போனேன். அவரோ வாதத்தை அப்படியே ஒப்புக்கொண்டு பெருங்காயத்தைத் தள்ளிவைத்தார். ஒரே வாரத்தில் தெரு முழுக்க அதே கதை. “யாவாரத்தக் கெடுக்கதுக்குன்னே பொறந்தியால?” என்று என் அப்பா கடைவாசலில் வைத்தே என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். நாலைந்து மாதத்தில் மற்ற வீடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, உன் வீடு மட்டும் வரவே இல்லை.

நீ என்னிடம் கோபப்பட்டது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான். “அம்மா ரசம் வைக்கறச்சே இன்னமும் கை தன்னால டப்பாவைத் தேடறதுடா. எனக்காக யாரையாவது மடக்கச் சொல்லி உன்னைக் கேட்டேனா?” என்றாய். “எலேய், ஒனக்காகத்தான மக்கா போனேன்” என்றேன். நீ கிடங்குக்குள் போய் பூட்ஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாய். கையில் தொங்கவிட்டபடி சாலைக் கடைத்தெரு நடுவில் நடந்து அக்ரகாரம் வரை போனாய். நான் பத்தடி தள்ளிப் பயந்துகொண்டே வந்தேன்.

படிக்குக் கீழேயே நின்றாய். “அப்பா, மூணு வருஷமா இதைப் போட்டுண்டுதான் ஆடறேன். ஆரியசாலையில ஒளிச்சு வச்சிருந்தேன், அது தப்பு. முகாமுக்குக் கூப்பிட்டிருக்கா. போகணும்னு ஆசையா இருக்கு. இதை உள்ளே கொண்டுவர மாட்டேன். என்னை உள்ளே விடறதும் விடாததும் உங்க இஷ்டம்.”

உன் அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: “போறதைத் தடுக்கலை. திரும்பி வரச்சே உள்ளே விடறதா வேண்டாமான்னு அப்போ சொல்றேன்.”

தம்பானூர் ஸ்டேஷனுக்கு அவரும் வந்தார், தயிர்சாதப் பொட்டலத்தோடு. பூட்ஸ் உன் கழுத்தில் தொங்கியதால் நாலு முழம் தள்ளி நின்று, பொட்டலத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு, “நன்னா ஆடு” என்றார். அந்த நாலு முழத்தைப் பார்த்து நான் அன்று மனதுக்குள் அவரைத் திட்டினேன். இப்போது திட்டத் தோன்றவில்லை, அவரும் உன்னைப் போலத்தான், உள்ளதைப் பூசி மெழுகத் தெரியாத மனுஷன்.

ஒரு மாதம் கழித்து நீ திரும்பி வந்தாய். இறுதிப் பட்டியலில் உன் பெயர் இல்லை என்று ஊருக்கு முன்னமே தெரியும். ஸ்டேஷனிலிருந்து அக்ரகாரம் வரை உனக்காக ஆளுக்கொரு சமாதானம் தயாராக வைத்திருந்தார்கள். தெற்கத்தியானை அவர்கள் எடுக்க மாட்டார்கள் என்றார் ஒருவர். வெறுங்கால் என்றால் இவனை யாரும் தொட்டிருக்க முடியாது என்றார் இன்னொருவர். தோலைத் தொட்டதற்குப் பத்மநாபன் கொடுத்த தண்டனை என்றுகூடத் தெருவில் ஒரு பேச்சு.

உன் அப்பா வாசலில் நின்றார். நீ படிக்குக் கீழே நின்றாய். “அந்த பூட்ஸாலதானே?” என்று அவர் கேட்டார். கேட்டபோது அவர் முகத்தில் இருந்த ஆவலை நான் பார்த்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், தெருவே உன்னைத் தூக்கி உள்ளே வைத்திருக்கும். சொல்லித் தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

“இல்லைப்பா. பூட்ஸ் நன்னாப் பழகிடுத்து. என் இடத்துல என்னைவிட நன்னா ஆடறவா இருந்தா. அவ்வளவுதான்.”

அப்படிச் சொன்னபோது உன் குரலில் ஒரு சிறு பிசிறுகூட இல்லை. உன் அப்பா, “குளிச்சுட்டு வா, சாதம் ஆறறது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்த வருஷக் கடைசியில் மெல்போர்னிலிருந்து செய்தி வந்தது. ஆஸ்திரேலியாவை நாலுக்கு இரண்டில் வென்று நம் அணி அரையிறுதிக்குப் போயிருந்தது. எனக்கு அந்தப் பேப்பரைத் தொடவே பிடிக்கவில்லை. நீ கடைக்கு ஓடி வந்து, கல்லா மேஜையில் பருப்பை வைத்து, யார் எங்கிருந்து எப்படி அடித்திருப்பார்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாய். முகாமில் அவர்களோடு ஆடியவன் ஆயிற்றே. உன் இடத்தில் ஆடியவரைப் பற்றிச் சொல்லும்போது உன் கண் இன்னும் விரிந்தது. அரையிறுதியில் தோற்று நாலாவதாக முடிந்தபோதும் நீ எந்தச் சாக்கும் சொல்லவில்லை. “இன்னும் மூணு பேர் நம்மளைவிட நன்னா ஆடறா. அவாளைப் பிடிக்கணும்” என்றாய்.

உன்னைப் போல ஒருவனை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. என்னைவிட நன்றாகச் செய்தார்கள் என்று என் வாழ்நாளில் நானும் இரண்டு முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒருமுறை வியாபாரத்தில், ஒருமுறை என் தம்பியிடம். இரண்டு முறையும் எனக்குக் குரல் நடுங்கியது.