ஞாயிற்றுக்கிழமைகளில் வானத்தைக் கேட்டவர்

என் பிரியமான வீட்டுக்காரருக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் இந்தக் கார்த்திகையோடு ஒரு வருடம் ஆகிறது. நானும் பிள்ளைகளும் நன்றாக இருக்கிறோம். அயனம்பாக்கம் ஏரி இந்த முறை நிரம்பிவிட்டது. மொட்டை மாடியில் நீங்கள் நட்ட ரேடியோ ஏரியல் கம்பி அப்படியே நிற்கிறது. காக்கைகளுக்கு உட்கார நல்ல இடம்.

கல்யாணமான புதிதில் எனக்கு உங்கள் மேல் கோபம்தான். வாரம் முழுக்க அம்பத்தூர் கம்பெனியில் ரேடியோ பாகங்களைப் பூட்டும் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் பகலெல்லாம் காதில் ஹெட்போனோடு மாடியில் உட்கார்ந்துவிடுவீர்கள். பக்கத்து வீட்டு அக்கா கேட்டால் நான் என்ன சொல்வது? வேறு ஏதோ நட்சத்திரத்தில் ஆள் இருந்தால், அவர்கள் அனுப்பும் சிக்னலைப் பிடிக்கப் பார்க்கிறார் என்றா?

சினிமாவுக்குக் கூப்பிட்டால், "வெளிநாட்டுல பெரிய பெரிய தட்டு ஏரியல் வெச்சிகினு கேக்கறாங்க கஸ்தூரி. நம்மகிட்ட சின்னது கீது. நாமளும் கேக்கலாமே" என்பீர்கள்.

ஒரு ஞாயிறு தடதடவென்று இறங்கி வந்து, என்னை மாடிக்கு இழுத்துப்போய் ஹெட்போனை என் காதில் வைத்தீர்கள்.

"இன்னா கேக்குது?"

"டிக் டிக்குனு ஒரே சீரா அடிச்சிகினே கீது."

உடனே நோட்டில் மணியைக் குறித்துக்கொண்டீர்கள். அடுத்த வாரமும் அதே சத்தம். வானத்திலிருந்து சிக்னல் பிடித்துவிட்டதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டீர்கள். சாப்பாட்டு ஹாலில் எல்லோர் முன்னாலும் பேசச் சொல்லி நாள் குறித்தார்கள்.

பேசுவதற்கு முன்னால், சத்தம் மேலிருந்துதான் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்றீர்கள். டிரான்சிஸ்டர் ரேடியோவை ஏந்திக்கொண்டு தெருத்தெருவாக நடந்தோம். சத்தம் கூடிக்கொண்டே போய், மாவு மில் வாசலில் காதைத் துளைத்தது. மில்லின் பெல்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி விட்டுக்கொண்டிருந்தது. மில்காரர் மெஷினை நிறுத்தினார். ரேடியோவிலும் டிக் டிக் நின்றது.

மிளகாய் நெடியில் கண் எரிகிறது என்றீர்கள். நானும் நம்பியதுபோல இருந்துகொண்டேன்.

"கம்பெனில ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்களேன்."

"பொய் சொல்லிட்டு, நாளைக்கு நெசமாவே ஒண்ணு கேட்டா எவன் நம்புவான்?"

கூட்டத்துக்கு நானும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மில் கதையை ஒன்று விடாமல் சொன்னீர்கள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. "அப்போ மேல யாருமே இல்லியா அண்ணாத்தே?" என்று ஒருவர் கேட்டார்.

"இது அவங்க இல்ல. அவ்ளோதான் எனக்குத் தெரியும். யாருமே இல்லன்னு நான் எங்க சொன்னேன்?"

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் கொண்டுவந்திருந்த ரேடியோவின் ஹெட்போனை வாங்கி ஆளாளுக்குக் காதில் வைத்துப் பார்த்தார்கள். இந்த மனுஷனுக்கு வாக்கப்பட்டது நல்லதாகப் போயிற்று என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் நானும் மாடிக்கு வந்தேன். வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு, வேர்க்கடலை உரித்துக்கொண்டு, எத்தனை நல்ல பகல்கள்! கடைசியில் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோதும் மாடிக்குப் போய்க் கேட்டுவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினீர்களே.

ஒரு செய்தி தெரியுமா? வெளிநாட்டில் வானத்திலிருந்து ஒரே ஒரு தடவை பலமாக ஏதோ கேட்டதாம். மறுபடி தேடினால் வரவில்லையாம். பேப்பரில் படித்தேன். யாராக இருக்கும்? நீங்கள் இருந்திருந்தால் அன்றைக்குச் சோறே இறங்கியிருக்காது.

மாங்காட்டு மாதர் சங்கத்தில் நாம் வானத்தைக் கேட்டதைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மைக் முன்னால் நின்று எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் போவேன். இத்தனை வருடம் கேட்டோம், எதுவும் வரவில்லை என்று கூச்சப்படாமல் சொல்வேன். வருகிற ஞாயிறும் கேட்பேன் என்றும் சொல்வேன்.

என்றைக்கும் உங்கள் மனைவி,
கஸ்தூரி