நொய் போட்டது யார்

ஆகஸ்ட் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி ஒன்றும் காயவில்லை. சுமியின் யூனிஃபார்மை இஸ்திரி போட்டே காய வைத்து அனுப்பினேன். வாசலில் கேஸ்காரன்: "சுமி அம்மா, சிலிண்டர்!" தெருவே எட்டிப் பார்த்தது.

ஆபீசில் ஸ்டாக் கணக்கு. மழை நாளில் ஊதுபத்தி குடோன் வாசனை தலைவலி தரும். இன்று ஏனோ பிடித்தது.

ஏனோ என்ன, காரணம் இருக்கிறது. மத்தியானம் அமெரிக்காவில் இருக்கும் தம்பிக்கு மெயில் அனுப்ப, தேவராஜ மொஹல்லாவில் கிரீஷின் பிரௌசிங் சென்டருக்குப் போனேன். (இனி பி.செ. என்றே எழுதுகிறேன். முழுசாக எழுதக் கை வலிக்கிறது.) தம்பி சொன்ன தமிழ்க் கலைக்களஞ்சியம் அங்கே திறந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாமாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாமாம். களி என்று தேடினேன். இல்லை. உப்புமாவுக்கு ஒரு பக்கம் இருக்கிறது, களிக்கு இல்லை! உப்புமாவுக்கு வந்த வாழ்வைப் பார்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்து எழுதினேன். ஹனூரில் எங்கள் வீட்டு முறை. உலையில் நொய்யரிசி வெந்ததும் ராகி மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் குச்சியால் குழி போட்டு, வேகவிட்டு, கிண்டி, உருட்டி.

பேர் கேட்கவில்லை. கீழே "வருகையாளர் 14" என்று தானாக விழுந்தது. பேர் போடாதவர்கள் எல்லோருக்கும் அதுதான் போல.

ஆகஸ்ட் 10, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது.

காப்பி குடிக்கும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஏ புள்ள, பேரு போடாம எழுதி என்ன பிரயோசனம்? நாளைக்கு வேறொருத்தன் நாந்தான் எழுதுனேன்னு சொன்னா?"

சொல்லிட்டுப் போறான். வாசலில் கோலம் போட்டுக் கீழே கையெழுத்தா வைக்கிறோம் என்றேன்.

"அது செரி," என்று பேப்பருக்குள் போய்விட்டார். ஜெயித்தேன்.

ஆகஸ்ட் 12, வியாழன்

நொய்யைக் காணோம்!!

யாரோ எடுத்துவிட்டார்கள். எடுத்ததோடு விட்டார்களா? "நொய் போட்டால் அது களி அல்ல, நோயாளிக் கஞ்சி. களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும்." கீழே வருகையாளர் 14. இதுவும் ஒரு பேர் இல்லாத ஜன்மம்.

எங்கள் அம்மா முப்பது வருஷம் நோயாளிக் கஞ்சியா போட்டாள்? நொய்யைத் திரும்பப் போட்டேன். "நொய் போடாத களி தொண்டையில் நிற்கும்" என்று ஒரு வரி கூடுதல்.

ஆபீசுக்குப் பத்து நிமிஷம் லேட். மேனேஜர்: "ஏன் கணக்கு மேடம், ட்ராஃபிக்கா?" ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 13, வெள்ளி

நொய் போச்சு. போட்டேன்.

ஆகஸ்ட் 14, சனி

நொய் போச்சு. போட்டேன். "ஹனூர்ப் பக்கம் வந்து பார்க்கவும்" என்று சவால்.

கூச்சமில்லாமல் எழுதுகிறேன்: ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு இப்படி முழு மனதோடு யாரிடமும் சண்டை போட்டதில்லை. இவர் எல்லாவற்றுக்கும் "செரி புள்ள" என்பார். அவரோடு என்ன சண்டை போடுவது.

வாங்க வேண்டியது: புளி, சுமிக்கு ரிப்பன், குடைக்கம்பி சரிபண்ண.

ஆகஸ்ட் 17, செவ்வாய்

அடி விழுந்தது. களி பக்கத்தின் தலைமாட்டில் களஞ்சியப் பொறுப்பாளரின் அறிவிப்பு. அப்படியே எழுதி வைக்கிறேன்:

"வருகையாளர் 14 அவர்களுக்கு. மத்தியானம் நொய் போடுகிறீர்கள். சாயங்காலம் நீங்களே எடுத்துவிட்டு உங்களையே திட்டுகிறீர்கள். தயவுசெய்து தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் இது நிற்காவிட்டால் களி கட்டுரை நீக்கப்படும். உங்கள் இடத்திலிருந்து எழுதுவதும் தடுக்கப்படும்."

தங்களுக்குள்! என்னைப் பைத்தியம் என்றே முடிவு செய்துவிட்டார்கள்.

நான் அவர் இல்லை, வேறு ஆள் என்று பதில் எழுதினேன். கீழே விழுந்தது என்ன? வருகையாளர் 14. யார் நம்புவார்கள்.

ஆகஸ்ட் 18, புதன்

பொறுப்பாளர் பதில்: "ஒவ்வோர் இணைப்பு இடத்துக்கும் ஓர் எண். இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. நீங்கள் இரண்டு பேர் என்றால் இரண்டு பேரும் பெயர் பதியுங்கள்."

மூன்று முறை படித்தேன். அப்படியென்றால் எதிரி இந்த பி.செ.க்குள்ளேயேதான்! நான் எழுந்த நாற்காலியில் சாயங்காலம் வந்து உட்கார்ந்து என் நொய்யைப் பொறுக்கிக்கொண்டு!

கிரீஷிடம் கேட்டேன், சாயங்காலம் இங்கே தமிழில் டைப் அடிப்பது யார் என்று. அவன், "நனகே கொத்தில்லா மேடம், எல்லாரும் ஏதோ டைப் அடிக்கிறாங்க." தெரியாதாம். கன்னடம் மட்டும் படித்தவன், தமிழ் எழுத்து அவனுக்கு ஜிலேபி.

ஆகஸ்ட் 19, வியாழன்

நாளை வரமகாலட்சுமி. மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. கனகாம்பரம் விலை கேட்டுவிட்டு மல்லிகையோடு திரும்பினேன்.

பஸ்ஸில் யோசனை. களஞ்சியத்தில் எத்தனையோ பேர் பேர் பதிந்திருக்கிறார்கள். ஏன்? சம்பளமா, பதவியா?
— புகழுக்கு. (களியில் என்ன புகழ்.)
— தான் எழுதியதற்குத் தானே பொறுப்பு என்று சொல்ல. நல்ல பிள்ளைகள்.
— மற்றவர் எழுதியதற்குத் தான் பொறுப்பில்லை என்று சொல்ல. இது நான்.
— தன் பக்கத்தை எவன் தொட்டான் என்று பார்த்துக்கொண்டே இருக்க. இதுவும் நான்.
— பொழுது போகாமல்.
இன்னும் ஏதோ இருக்கிறது, பிடிபடவில்லை. பஸ் நின்றுவிட்டது.

நான் பதிந்தால் போதாது. அந்த ஆளும் பதிய வேண்டும். ஞாயிறுக்குள் எங்கே போய்த் தேடுவேன்? கட்டுரை போய்விட்டால் நிஜமாகவே அழுவேன். நான் எழுதியதில் பில்லும் வவுச்சரும் தவிர உலகத்தில் இருப்பது அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 21, சனி

அரை நாள் ஆபீஸ். நேராக பி.செ. சாயங்காலம் வரை நகர்வதில்லை என்று முடிவு. தம்பிக்கு நீளமாக ஒரு மெயில். பிறகு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நாலரை இருக்கும். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், வாய்விட்டு:

"அய்யய்யோ! நானா? நான் எப்ப நொய் போட்டேன்? எங்க வம்சத்துலயே யாரும் போட்டதில்லையே!"

அறிவிப்பை இப்போதுதான் பார்க்கிறாள்! நாற்காலி மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். என் வயசுதான். மூக்குத்தி, மடியில் ஹெல்மெட்.

"நான்தாங்க போட்டேன்," என்றேன்.

நிமிர்ந்து பார்த்து, கன்னட மரியாதையோடு கேட்டாள். "நீங்களா ரீ அது? ஹனூர்?"

"ஆமாங். நீங்க?"

"சீரங்கப்பட்டணம். பேரு ரத்னா. நர்சிங் ஹோம்ல ரத்தம் டெஸ்ட் பண்றேன்." ஒரு நிமிஷம் முறைத்தாள். "நொய் போடுறது தப்பு."

"மெல்லாம முழுங்குறதுதாங் தப்பு."

பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் கண்ணில் நீர். கிரீஷ் ஓடிவந்தான்: "ஊதுபத்தி மேடம், பிளட் மேடம், சும்னே இருங்க, மத்தவங்க பாக்குறாங்க!" இப்படித்தான் எங்களை அவன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறானாம். இன்னும் சிரிப்பு.

பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேர் பதிந்தோம். அவள் ஊரையும் சேர்த்து டக்கென்று அடித்துவிட்டாள். எனக்குக் கை ஓடவில்லை. ஆபீசில் கணக்கு மேடம். தெருவில் சுமி அம்மா. வீட்டில் புள்ள. தம்பிக்கு அக்கா. அந்தக் காலிக் கட்டம் அதுபாட்டுக்குக் காத்திருந்தது.

பூங்கொடி என்று அடித்தேன். இனிஷியல் இல்லை, மிஸ்ஸஸ் இல்லை. ரேஷன் கார்டுக்கு வெளியே அந்தப் பேரைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு.

கட்டுரையில் இப்போது இரண்டு முறை. ஹனூர்ப் பக்கம் நொய்யோடு, சீரங்கப்பட்டணம் பக்கம் நொய் இல்லாமல். எது முதலில் வருவது என்று கால் மணி நேரம் சண்டை. அவளுடையது மேலே. அடுத்த வாரம் மாற்றிவிடுவேன்.

ஆகஸ்ட் 23, திங்கள்

கட்டுரை தப்பியது. பொறுப்பாளர்: "தாங்கள் இருவர் என்பது மகிழ்ச்சி."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்ப கோலத்துக்குக் கீழ கையெழுத்து வெச்சாச்சா?" தோற்றேன். பரவாயில்லை.

ஆகஸ்ட் 25, புதன்

மறுபடி மழை. குடைக்கம்பி சரிபண்ணவே இல்லை, நனைந்துகொண்டே பி.செ. போனேன். கூட்டம், எல்லா நாற்காலியிலும் ஆள், நான் கதவோரம் தலை துவட்டிக்கொண்டு. போன் அடித்தது. கிரீஷ் எடுத்துக் கேட்டுவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தினான்:

"பூங்கொடி யாரு? ஞாயித்துக்கிழமை சீரங்கப்பட்டணம் வரணுமாம், நொய் எடுத்துட்டு வரணுமாம். பூங்கொடி, பூங்கொடி! யாருப்பா இங்க?"

எல்லாத் தலையும் திரும்பியது. ஈரக் கையைத் தூக்கினேன்.

"நான்தான்," என்றேன்.